காலி மனையில் முளைத்த பேயாவரை: குழந்தைகள் அதன் காயைத் தின்றால் என்ன ஆகும்?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது ஒரு செடியின் பெயர்தான். வீட்டை ஒட்டிய காலி மனையில், மழைக்குப் பின் இடுப்புயரம் வளர்ந்து, மஞ்சள் பூப் பூத்து, மெலிந்த அவரைபோல் காய்த்து நிற்கும் புதர் எது என்று கேட்கிறீர்கள். கேள்வியை முழுக்கப் படித்தால் உங்கள் கவலை வேறு என்று தெரிகிறது. ஐந்து வயது மகன் அந்தக் காயைப் பறித்து, உரித்து, கொட்டாங்கச்சியில் போட்டுச் சாம்பார் வைத்து விளையாடுகிறான். மாமியார் அதைத் தகரை என்றும், தாம் கீரையாக ஆக்கித் தின்ற செடிதான் என்றும் சொல்கிறார். கணவரோ, வட இந்தியாவில் அதைத் தின்ற குழந்தைகள் இறந்துபோனதாக ஒரு காணொளியைக் காட்டுகிறார். இதில் யாரை நம்புவது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவரும் ஒரே செடியைப் பற்றிப் பேசவில்லை என்றே நினைக்கிறேன். கல்லூரியில் தாவர வகைப்பாட்டியல் நடத்தியவன் என்ற முறையில் செடியைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். மருத்துவப் பகுதியில் எனக்குத் தெரிந்தது ஆய்வுக் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்ததால் வந்தது. அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் வருணனையும் இணைத்திருக்கும் படமும் பேயாவரையைக் காட்டுகின்றன. சில ஊர்களில் இதைப் பொன்னாவரை என்பார்கள். தாவரவியல் பெயர் சென்னா ஆக்சிடென்டாலிஸ். பழைய நூல்களில் காசியா ஆக்சிடென்டாலிஸ் என்றிருக்கும். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து, உலகின் வெப்பநாடுகள் எங்கும் பரவிவிட்ட குறும்புதர் இது. பொதுவாக ஓராண்டுச் செடி. மழையில் முளைத்து, சில மாதங்களில் பூத்துக் காய்த்து, வெயில் ஏற ஏறக் காய்ந்து நிற்கும். சாக்கடையோரம் போல ஈரம் விடாத இடத்தில் மட்டும் அடித்தண்டு கட்டையாகி அடுத்த ஆண்டும் துளிர்க்கலாம். ரயில் பாதையோரம், செங்கல் சூளையைச் சுற்றி, மண் கொட்டிச் சமன் செய்த மனை, மேய்ச்சலில் தேய்ந்த புறம்போக்கு, குப்பைமேடு என்று மனிதன் கிளறிப் போட்ட நிலம்தான் இதற்குப் பிடித்த இடம். அடர்ந்த காட்டுக்குள் இதைத் தேடினால் கிடைக்காது. உங்கள் பகுதியில் மனைப்பிரிவு போட்டு மண்ணைப் புரட்டிய பின்னரே இது பெருகியது என்று நீங்கள் எழுதியிருப்பது இந்தச் செடியின் இயல்போடு அப்படியே பொருந்துகிறது.

படத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், நீங்களே சரிபார்த்துக்கொள்வது நல்லது. இந்தக் குடும்பத்தில் ஒன்றுபோல் தோன்றும் செடிகள் பல இருப்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்க முடியாது. ஓர் இலையை முழுக்காம்போடு பறியுங்கள். பேயாவரையில் நான்கு முதல் ஆறு இணைச் சிற்றிலைகள் இருக்கும். ஒவ்வொன்றும் முட்டை வடிவில் தொடங்கி நுனியில் கூர்மையாக முடியும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்துக்குச் சற்று மேலே, கடுகளவில், கருஞ்சிவப்பாகக் குமிழ்போல் ஒரு சுரப்பி தெரியும். சிற்றிலைகளுக்கு இடையில் சுரப்பி ஏதும் இருக்காது. இலையை விரல்களுக்கிடையில் கசக்கினால் முகம் சுளிக்க வைக்கும் நாற்றம் வரும். காய் ஏறத்தாழ ஒரு விரல் நீளம், சற்றே தட்டை, மேல்நோக்கி மெல்ல வளைந்தது. முற்றும்போது நடுவில் பழுப்பும் இரு விளிம்புகளிலும் வெளிறிய கோடுமாக மாறும். அதைப் பிளந்தால் குறுக்குத் தடுப்புகளுக்கு நடுவே, சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் தட்டையான விதைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும்.

தகரை, அதாவது ஊசித்தகரை, வேறு இனம். அதில் சிற்றிலைகள் மூன்று இணைதான். நுனி கூராக இராமல் மழுங்கி அகன்றிருக்கும். சுரப்பி காம்பின் அடியில் இராமல், கீழ்ச் சிற்றிலைகளின் இடுக்கில் சிறு முள்போல் நீண்டு நிற்கும். காய் மெல்லியதாகவும் நீளமாகவும் அரிவாள்போல் வளைந்தும் இருக்கும். விதையும் தட்டையாக இராமல் கோணல்மாணலாக இருக்கும். கொழுந்தாக இருக்கும்போது மழைக்காலத்தில் பறித்து வதக்கித் தின்பது இந்தத் தகரையைத்தான். யாழ்ப்பாணத்தில் தகரை வறை இன்றும் வீட்டுச் சமையல். உங்கள் மாமியார் சிறுவயதில் தின்றதும் அநேகமாக இதுவே. பூ நிறமும் வளரும் இடமும் ஒன்றாக இருப்பதால், இலையை எண்ணிப் பார்க்காதவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தோன்றும். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. ஆவாரை இவை இரண்டிலிருந்தும் விலகி நிற்பது. அது பல்லாண்டுப் புதர். இலையடியில் காதுமடல்போன்ற பெரிய செதில்கள் நிலைத்திருக்கும். காய் காகிதம்போல் தட்டையாக இருக்கும். ஆவாரம்பூத் தேநீர் குடிப்பவர்கள் இந்தப் பதிலைப் படித்துப் பதற வேண்டியதில்லை.

இனி உங்கள் கணவர் காட்டிய காணொளிக்கு வருவோம். உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில், குறிப்பாகப் பிஜ்னோர், சகாரன்பூர் பகுதிகளில், பல ஆண்டுகளாக மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மாதங்களில் கிராமத்துச் சிறு குழந்தைகள் திடீரென நோயுற்று இறந்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். ஆறேழு வயதைத் தாண்டாதவர்கள். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தை வாந்தி எடுக்கும், பிதற்றும், கிளர்ச்சியுற்றுக் கத்தும், வலிப்பு வரும், நினைவிழக்கும். பலர் ஓரிரு நாட்களிலேயே இறந்தார்கள். மருத்துவமனைக்கு வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் பிழைக்கவில்லை. மூளைக்காய்ச்சல் பரவும் மாநிலம் என்பதால் இதுவும் வைரஸ் மூளைக்காய்ச்சல் என்றே பதிவாகிவந்தது.

அந்த முடிவு பொருந்தவில்லை என்று ஐயப்பட்டவர்களில் முக்கியமானவர்கள் பிஜ்னோரின் குழந்தை மருத்துவர் விபின் வசிஷ்டாவும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வைரஸ் இயல் துறையை நடத்திய டி. ஜேக்கப் ஜானும். அவர்கள் ஐயப்பட்டதற்குத் தெளிவான காரணங்கள் இருந்தன. இந்தக் குழந்தைகளுக்குக் காய்ச்சல் இல்லை, அல்லது மிகக் குறைவு. முதுகுத் தண்டுவட நீரை எடுத்துப் பார்த்தால், மூளையழற்சியில் இருக்க வேண்டிய வெள்ளணுக்கள் இல்லை. மாறாக, கல்லீரல் நொதிகள் பன்மடங்கு ஏறியிருந்தன. தசை சிதைவதைக் காட்டும் நொதிகளும் ஏறியிருந்தன. இரத்தச் சர்க்கரை பலருக்கு இறங்கியிருந்தது. மூளை, கல்லீரல், தசை ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் அடிபடுவது வைரஸின் வேலைபோல் இல்லை, நஞ்சின் வேலைபோல் இருந்தது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தொற்றும் போக்கும் இல்லை. ஆனால் சேர்ந்து விளையாடிய உடன்பிறந்தவர்கள் ஒரே நேரத்தில் நோயுற்றது உண்டு. நோயுற்ற குழந்தைகளையும், அதே வயது, அதே ஊர்ச் சூழலில் நலமாயிருந்த குழந்தைகளையும் ஒப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வு, நோயுற்றவர்களிடையே பேயாவரைக் காயைத் தின்றிருந்தது மிகுதியாகவும், நலமாயிருந்தவர்களிடையே அது அரிதாகவும் இருந்ததைக் காட்டியது. அங்கே அந்தச் செடியைக் கசோந்தி என்றும் பமாட் என்றும் சொல்கிறார்கள். பெரியவர்கள் யாரும் அதை உணவாக்குவதில்லை. பட்டாணிபோல் உரிக்க முடிவதால் பிள்ளைகள் விளையாட்டாகத் தின்றிருக்கிறார்கள். உங்கள் மகனின் சாம்பார் விளையாட்டைப் படித்ததும் நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததற்கு இதுவே காரணம்.

இதன் பிறகு நடந்தது, என் பார்வையில், எந்த ஆய்வகச் சான்றுக்கும் குறைவில்லாத சான்று. பிஜ்னோரில் செய்தித்தாள்கள் வழியாகவும் ஊர் ஊராகவும் பெற்றோருக்கு எச்சரிக்கை சொல்லி, குடியிருப்புகளை ஒட்டிய செடிகளை அகற்றியபின், அந்தப் பருவநோய் வெகுவாகக் குறைந்தது. கொசுவையோ வைரஸையோ யாரும் ஒன்றும் செய்துவிடவில்லை. பின்னர் லக்னோவிலுள்ள இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனத்தார், ரெயின், எமோடின், அலோ-எமோடின் போன்ற ஆந்த்ரகுவினோன் வகை வேதிப்பொருட்களை இந்த விதைகளிலும், பாதிக்கப்பட்ட குழந்தைகளின் உடல் திரவங்களிலும் கண்டறிந்தார்கள். எலியின் கல்லீரல் அணுக்களில் சோதித்தபோது அவற்றில் ரெயின் மிகக் கடுமையாகத் தாக்கியது.

கால்நடை மருத்துவர்களுக்கு இதில் பெரிய வியப்பு இருந்திருக்காது. 1960களிலேயே அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், இந்தச் செடியைத் தின்ற மாடுகள் தசை சிதைந்து எழ முடியாமல் படுத்துவிடுவதும், சிறுநீர் காப்பி நிறமாவதும் பதிவாகியிருந்தன. பிரேசிலில் சோளத்தோடு இதன் விதை கலந்த தீவனத்தால் ஏற்படும் நச்சு நன்கு அறியப்பட்ட சிக்கல். பச்சைச் செடியை அதன் நாற்றத்துக்கு அஞ்சி மாடு ஒதுக்கும். விதை தீவனத்தில் கலந்துவிட்டால் ஒதுக்கத் தெரியாது. நீங்கள் மாடோ கோழியோ வைத்திருந்தால் இதையும் கவனியுங்கள்.

உறுதியானவற்றை இதுவரை சொன்னேன், தெளிவாகாதவையும் உண்டு. முதலாவது, எந்த ஒரு பொருள் குழந்தையைக் கொல்கிறது என்பது. ஆந்த்ரகுவினோன்கள் மீது வலுவான ஐயம் இருக்கிறது. ஆனால் அதே வகைப் பொருட்கள் மலமிளக்கியாகப் பயன்படும் நிலாவரையிலும் உண்டு. அதை மக்கள் காலங்காலமாக உட்கொண்டு வருகிறார்கள். கால்நடை ஆய்வாளர்கள் பேயாவரை விதையில் உள்ள டையாந்த்ரோன் என்ற பொருளைத் தசைச் சிதைவுக்குக் காரணமாகக் காட்டியிருக்கிறார்கள். தனிப்பொருளா, கூட்டுவிளைவா என்ற விவாதம் முடியவில்லை. இரண்டாவது, அளவு. இத்தனை விதை தின்றால் ஆபத்து, அதற்குக் கீழே ஆபத்தில்லை என்று எவராலும் எல்லைக்கோடு போட முடியவில்லை. பேச்சு முழுதாக வராத குழந்தையிடம் எத்தனை தின்றாய் என்று கேட்டு வாங்கிய எண்ணை வைத்து அப்படி ஒரு கோட்டைப் போடவும் கூடாது. தின்றும் ஒன்றும் ஆகாமல் தப்பிய பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை அந்த ஒப்பீட்டு ஆய்வே காட்டுகிறது. அது ஏன் என்பதற்குப் பசி, ஊட்டக்குறைவு, உடல் எடை, விதையின் முற்றல் என்று பல ஊகங்கள் உண்டு. அவை ஊகங்கள்தான்.

மூன்றாவது, ஒரு ஊரில் மூளைக்காய்ச்சல்போல் தோன்றும் சாவுகள் அனைத்தையும் இந்தச் செடியின் தலையில் கட்டுவது. ஒடிசாவின் மல்கான்கிரி மாவட்டத்தில் 2016இல் ஏறத்தாழ நூறு குழந்தைகள் இறந்தபோது, முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே சொல்லப்பட்டது. பின்னர் ஜேக்கப் ஜான் அங்கே சென்று ஆராய்ந்து, இறப்புகளில் பெரும்பங்குக்கு அங்கே பட சக்குண்டா எனப்படும் இதே செடியே காரணம் என்றார். ஆனால் அந்தப் பருவத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமியும் அங்கே இருந்தது. சில குழந்தைகளின் இரத்தச் சோதனை அதையே காட்டியது. இரண்டும் ஒரே மாவட்டத்தில், ஒரே மாதங்களில் நடந்திருக்கின்றன என்பதே நியாயமான வாசிப்பு. காணொளிகள் இந்த இரட்டை நிலையைச் சொல்வதில்லை. எல்லாச் சாவும் செடியால் என்றோ, செடி மீது வீண்பழி என்றோ ஒரு பக்கம் சாய்ந்துவிடுகின்றன.

மருந்துச் செடியாயிற்றே, நஞ்சென்று எப்படிச் சொல்லலாம் என்று அந்தக் காணொளியின் கீழ் பலர் சண்டையிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மருந்தாகவும் நஞ்சாகவும் ஒரே செடி இருப்பதில் முரண் ஏதுமில்லை. வடமொழி மருத்துவ நூல்கள் இதை இருமலை அடக்குவது என்ற பொருளில் காசமர்தம் என்கின்றன. நம் ஊரில் இலையை அரைத்துப் படைக்கும் சொறிக்கும் மேற்பூச்சாகப் போடுவார்கள். ஆப்பிரிக்காவிலும் நடு அமெரிக்காவிலும் விதையைக் கருக வறுத்துக் காப்பித்தூளுக்கு மாற்றாகக் கொதிக்க வைத்துக் குடித்திருக்கிறார்கள். வெப்பம் நச்சுத்தன்மையைக் குறைக்கிறது என்று கருதப்பட்டாலும், முழுவதும் நீக்கிவிடுகிறது என்று சொல்வதற்கில்லை. கல்லீரலுக்கென்று பல பத்தாண்டுகளாக விற்கப்படும் ஒரு மூலிகை மாத்திரையின் கூட்டுப்பொருட்களிலும் இதன் பெயர் இருக்கிறது. இவை எல்லாமே பக்குவப்படுத்திய, அளவுக்கு உட்பட்ட, பெரும்பாலும் பெரியவர்களுக்கான பயன்பாடுகள். பன்னிரண்டு பதினைந்து கிலோ எடையுள்ள குழந்தை வெறும் வயிற்றில் பச்சை விதைகளை மென்று விழுங்குவதற்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவுச் சட்டம் இந்த நுட்பத்தைப் பிடித்து வைத்திருக்கிறது: தகரை விதையிலிருந்து எடுக்கும் பசையை உணவில் சேர்க்க அனுமதிக்கும் அதே விதி, அதில் பேயாவரையின் கலப்பு 0.05 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. நம் வயல்வெளிகளிலும் இவ்விரண்டும் கலந்தே வளர்கின்றன என்பதால், இலையைப் பிரித்தறியத் தெரியாதவர் தகரைக்கீரை பறிக்கப் போகாமலிருப்பது மேல்.

நீங்கள் செய்ய வேண்டியது சிறிய வேலைதான். பிள்ளைகள் விளையாடும் தூரத்துக்குள் இருக்கும் செடிகளை, காய் முற்றி வெடிக்கும் முன், ஈரமான மண்ணிலிருந்து வேரோடு பிடுங்குங்கள். வெட்டிவிட்டால் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். பிடுங்கியதை வேலியோரம் குவித்து வைக்க வேண்டாம். காய்ந்த காயைத்தான் குழந்தைகள் கிலுகிலுப்பையாக எடுத்துக்கொள்வார்கள். காயோடு உள்ளவற்றைக் குழி தோண்டி ஆழப் புதையுங்கள். விதையின் மேலோடு கெட்டியானது என்பதால் மண்ணில் நெடுநாள் உறங்கிக் கிடந்து முளைக்கும். எனவே அடுத்தடுத்த மழைகளிலும் ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். களைக்கொல்லி தெளிக்கும் யோசனையைக் கைவிடுங்கள். பிள்ளைகள் புழங்கும் மண்ணில் ஒரு நஞ்சை நீக்க இன்னொன்றை ஊற்றுவதில் பொருளில்லை. செடியைத் தொட்டாலோ, பூவை முகர்ந்தாலோ ஒன்றும் ஆகாது. ஊருக்கு வெளியே தரிசில் நிற்பவற்றை அழிக்கக் கிளம்பவும் வேண்டாம். வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் சில இந்த இலைகளில்தான் முட்டையிடுகின்றன. பூவின் மகரந்தப் பைகளைத் தச்சன் வண்டு கட்டிப்பிடித்து உடலை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்ப்பதைப் பார்க்க எனக்கு இன்றும் சலிப்பதில்லை. மகனை மிரட்டுவதைக் காட்டிலும், இந்தக் காயையும் வீட்டு அவரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, இது வாயில் வைக்கக் கூடாதது என்று சொல்லிக் கொடுங்கள்; ஐந்து வயதுக்கு அது புரியும். அவனோடு விளையாட வரும் சின்னப் பிள்ளைகளுக்குப் புரியாது என்பதால் அவர்களுடைய வீடுகளிலும் சொல்லிவிடுங்கள்.

யாராவது தின்றுவிட்டதாகத் தெரிந்தால், அறிகுறி வரட்டும் என்று காத்திராமல் அன்றே குழந்தைகள் நலப் பிரிவுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். வாயில் விரல் விட்டோ உப்புநீர் கொடுத்தோ வாந்தி எடுக்கவைக்க முயலக் கூடாது. மயக்கம் தொடங்கியிருந்தால் அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். காயோடு கூடிய ஒரு கிளையை ஒடித்துக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இந்த நஞ்சுக்கு மாற்றுமருந்து கிடையாது. இரத்தச் சர்க்கரையைத் தாங்கிப் பிடிப்பது, வலிப்பையும் மூளை வீக்கத்தையும் கட்டுப்படுத்துவது, கல்லீரலைக் கண்காணிப்பது என்ற அளவில்தான் சிகிச்சை இருக்கிறது. அதைத் தொடங்கும் நேரமே முக்கியம். காய்ச்சல் இல்லாமல் வாந்தியும் பிதற்றலுமாக வரும் குழந்தையை மருத்துவர் முதலில் கிருமித்தொற்று என்றே நினைப்பது இயல்பு. தின்றது தெரியாமலேயே அப்படி ஒரு நிலை வந்தாலும், வீட்டருகே இந்தச் செடி இருப்பதையும் பிள்ளை அதில் விளையாடுவான் என்பதையும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அவர் கேட்கும் வழக்கமான கேள்விகளில் இது இருக்காது. உங்கள் மகன் காயைத் தின்றதில்லை, விளையாடியது மட்டும்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். பறித்த நாட்கள் கடந்தும் அவன் நலமாக ஓடியாடுகிறான் என்பதால் இப்போது பரிசோதனைக்கு ஓட வேண்டியதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இது செடி தெரிந்தவன் சொல்வது, உங்கள் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் இணைத்த படத்தில் பூவும் இளங்காயும் தெளிவாக இருக்கின்றன. இலைக்காம்பின் அடி மட்டும் நிழலில் மறைந்திருக்கிறது. சிற்றிலைகள் ஏழெட்டு இணைக்கு மேல் இருந்து, காய் தட்டையாக இராமல் உருண்டு திரண்டிருந்தால் அது இதன் நெருங்கிய உறவான சென்னா சோஃபெராவாக இருக்கலாம். குழந்தைகளைப் பொறுத்தவரை அதையும் இதே எச்சரிக்கையோடு நடத்துங்கள். காம்படியையும், முற்றிய காயொன்றைப் பிளந்து விதை தெரியுமாறும் அருகில் வைத்து எடுத்த படங்களை இடுங்கள், எந்த இனம் என்பதை உறுதியாகச் சொல்கிறேன்.